எழுபதில் உறுமிய அம்பாசடர்

என்னுடைய 1977 மாடல் மார்க் 3 அம்பாசடரில், பழைய 1800 ஐஎஸ்இசட் ஒன்றின் இசுஸு இன்ஜினையும் ஐந்து கியர் பாக்ஸையும் ஏற்றினேன். பழையது நான்கு கியர். புதியதற்கு இடம் கொடுக்க புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சுருக்க வேண்டி வந்தது. பொள்ளாச்சி ரோட்டில் முதல் ஓட்டம். 65ஐத் தாண்டியதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் உறுமல். உள்கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது.

"பேலன்ஸ்தானுங்க" என்றார் மெக்கானிக். ஷாஃப்டைக் கழற்றி பேலன்ஸ் போட்டோம், போகவில்லை. வேறு பட்டறையில் இன்னொரு தடவை. அங்கே "பேலன்ஸ் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கூலியையும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் நிதானமாக ஓட்டிப் பார்த்தேன். வண்டி நின்றிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒன்றுமில்லை. 70ல் நான்காவது கியரிலும் ஐந்தாவதிலும் ஒரே மாதிரி உறுமல். நியூட்ரலில் உருளவிட்டாலும் அதேதான். ஆக, இன்ஜினும் கிளட்சும் குற்றவாளி இல்லை. அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் ஒன்பது சுற்று சுற்றும். கோளாறு டயரில் இருந்தால் ஆட்டமாகத் தெரியும், முன் சக்கரமென்றால் ஸ்டியரிங்கே ஆடும். ஷாஃப்ட் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் சுற்றுவதால் உறுமலாகத்தான் கேட்கும்.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட் கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது, சுற்றுக்கு இரண்டு தடவை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். முன் கிராஸ் செய்கிற இந்த வேலையைப் பின் கிராஸ் ஈடுகட்ட வேண்டும். அதற்கு கியர் பாக்ஸின் சாய்வும் பின் ஆக்ஸிலில் உள்ள பினியனின் சாய்வும் இணையாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். வெல்டிங்கில் யோக் திரும்பிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை.

மிச்சம் சாய்வுதான். வண்டியைச் சக்கரத்தின் மேலேயே நிற்கவைத்து அளக்க வேண்டும். பாடியை ஜாக்கியில் தூக்கினால் ஆக்ஸில் தொங்கி, அளவு பொய்யாகிவிடும். பள்ளத்தின் மேல் நிறுத்தி, போனில் இருக்கும் லெவல் ஆப்பை வைத்துப் பார்த்தேன். கியர் பாக்ஸ் பின்பக்கமாக 5 டிகிரி சரிந்திருந்தது. பினியன் மூக்கு 2 டிகிரிதான் தூக்கியிருந்தது. ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டிய வித்தியாசம் மூன்று! இதை எந்த பேலன்ஸ் மெஷினும் சரிசெய்யாது.

கியர் பாக்ஸைத் தாங்க நாங்களே வெல்டிங் வைத்துச் செய்த கிராஸ் மெம்பர்தான் தாழ்ந்திருந்தது. மவுண்டிங்குக்கு அடியில் 12 மி.மீ. தகடு வைத்ததும் 5 என்பது 4 ஆனது. பின்னால் ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே 2 டிகிரி ஆப்பு. அவசரத்தில் தடித்த பக்கத்தை மாற்றி வைத்துவிட்டோம். பினியன் பூஜ்யத்துக்கு இறங்கி, வண்டி 50லேயே உறுமியது. திருப்பி வைத்தோம். இப்போது 90ல் போனாலும் கண்ணாடியில் ஒரே ஒரு லாரிதான்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் அதிலும் ஃபிளாஞ்சிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். கழற்றியபடியே திரும்ப மாட்டலாம். பேலன்ஸுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் சாய்வை அளந்துவிடுங்கள்.