மன்னிப்புக் கடிதம் ஆபத்தை அளக்குமா?

குழந்தையிடம் தவறாக நடந்த ஒருவர் பிடிபட்டால் அழுவார், காலில் விழுவார், மன்னிப்புக் கடிதம் எழுதித் தருவார். ‘இனிச் செய்யமாட்டார்’ என்று நாலு பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடுவதும் உண்டு. இந்தக் கணிப்பை உளவியல் ஆய்வுகள் நேரடியாகவே சோதித்துள்ளன.

கனடாவில் ஹான்சன், புஸ்ஸியேர் ஆகிய இருவரும் 1998இல் 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். நான்கைந்து ஆண்டுகளில் மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் 13.4 விழுக்காடு. (வெளியே வந்த குற்றங்களின் கணக்குதான் இது, வராதவை எத்தனையோ!) குழந்தைகள்மீதான பாலியல் நாட்டமும் முந்தைய பாலியல் குற்றங்களும் மறுகுற்றத்தோடு தொடர்பு காட்டின. குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, குழந்தைக்காக இரங்கினாரா என்பவை காட்டவில்லை. கண்ணீரை நம்பி முடிவெடுக்க ஆய்வில் இடமில்லை.

அடுத்த ஆண்டு ஹான்சனும் தார்ன்டனும் ‘ஸ்டாட்டிக்-99’ என்ற அளவுகோலை வெளியிட்டனர். அதில் 10 கூறுகள். பாதிக்கப்பட்டவர் அந்நியர் என்றால் மதிப்பெண் கூடும். அதனால் தெரிந்தவரிடம் ஆபத்தில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. பிடிபட்டவர்களில் யார் மீண்டும் செய்வார் என்பதற்கே அது விடை தேடுகிறது. யார் செய்கிறார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கு மத்திய அரசின் 2007ஆம் ஆண்டு ஆய்வு பதில் சொல்கிறது: துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள். ராயப்பன்பட்டி போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் விடியுமுன் தோட்ட வேலைக்குக் கிளம்பும் பெற்றோர், பிள்ளைகளைத் தெரிந்தவர்களிடம்தான் விட்டுச் செல்கிறார்கள். ‘அந்நியரிடம் பேசாதே’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது.

இந்த அளவுகோல் ஏற்கெனவே பாலியல் குற்றத்தில் சிக்கிய வயதுவந்த ஆண்களுக்கானது. சக ஊழியரை எடைபோட உதவாது. எடைபோடும் வேலையைச் சட்டமும் நமக்குத் தரவில்லை. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தமக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு (பிரிவு 21). சத்தமில்லாமல் வேறு ஊருக்கு மாற்றிவிட்டால், முந்தைய குற்றம் எந்தப் பதிவிலும் இருக்காது. ஆய்வு முக்கியம் என்று காட்டிய தகவலே அழிந்துபோகும்.

குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். பெயரை வெளியே சொல்லாதீர்கள். 1098 எண்ணை வகுப்புச் சுவரில், குழந்தையின் கண் உயரத்தில் எழுதிவையுங்கள்.