விளையாட்டும் நோய்த் தடுப்பும்

காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டாலும் புகழ் பெற்ற நகரம். கைலாசநாதர் கோயிலும், ஏகாம்பரநாதர் கோயிலும், வரதராசப் பெருமாள் கோயிலும் அதன் பழம்பெருமையைப் பறைசாற்றி நிற்கின்றன. பிள்ளையார்பாளையம் முதலிய பகுதிகளில் தறியின் ஓசை கேட்கிறது. அங்கே நெசவாளர் குழித்தறியின் முன் அமர்ந்து, பாவின் ஊடே ஊடையைச் செலுத்திச் சரிகை இழையால் அன்னமும் மயிலும் யாளியும் தோன்றுமாறு நெய்கின்றனர். ஒரு சேலை நெய்து முடியப் பல நாள் ஆகும். அத்தனை நாளும் அவர் இருந்த இடத்திலேயே இருந்து உழைக்க வேண்டும். கையும் காலும் கண்ணும் ஓயாது தொழிற்பட்டாலும், எழுந்து நடந்து உலாவுதற்கு அத்தொழிலில் இடம் குறைவு. கடைகளிலும் அலுவலகங்களிலும் நாள் முழுதும் அமர்ந்து பணியாற்றுவோர் நிலையும் இதுவே.

இவ்வாறு நடை குறைந்து, உணவு மிகுந்த வாழ்க்கையில் எளிதாக நுழைவது நீரிழிவு நோய். நாம் உண்ணும் உணவு சர்க்கரையாக மாறிக் குருதியிற் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் நீர் அச்சர்க்கரையை உடலின் உறுப்புகள் ஏற்றுக்கொள்ளச் செய்கிறது. உடலில் கொழுப்பு மிகுந்து, தசைகள் இயக்கமின்றி இருந்தால், இன்சுலின் தன் பணியைச் செம்மையாகச் செய்ய இயலாது. அப்பொழுது சர்க்கரை குருதியிலேயே தேங்குகிறது. ஆண்டுகள் பல சென்றால் கண், சிறுநீரகம், இதயம், நரம்பு ஆகியவற்றை அது கெடுக்கும். நுண்ணிய சரிகை இழையை நோக்கித் தொழில் செய்வார்க்குக் கண் கெடுதல் வாழ்வே கெடுதலாகும் அன்றோ!

இந்நோய் ஒரே நாளில் வருவதன்று. நோய்க்கு முன்னர் ஓர் இடைநிலை உண்டு. இந்நிலையில் சர்க்கரை இயல்பான அளவைக் கடந்திருக்கும். ஆயினும் நோயின் அளவை எட்டியிராது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடி மக்கள் நீரிழிவு உடையவர் என்றும், 13.6 கோடி மக்கள் இடைநிலையில் உள்ளவர் என்றும் மதிப்பிட்டது. இடைநிலையில் உள்ளோர் உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்து, உடல் எடையை அளவில் வைப்பின், நோயைத் தடுக்கலாம். அன்றேல் தள்ளிப் போடலாம். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து, 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனை மெய்ப்பித்தது. மூன்றாண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். வாழ்க்கை முறையைத் திருத்திக்கொள்ளத் தொடர்ந்து வழிகாட்டப் பெற்றவருள் நூற்றுக்கு 39 பேரே நோயுற்றனர்.

வழி தெளிவாயிருந்தும் பலர் அதனை இடையிலே கைவிடுவது ஏன்? இடைநிலையில் நோவில்லை, காய்ச்சலில்லை. இன்று நடந்தால் அதன் பயன் பல ஆண்டுகள் கழித்தே விளையும். இன்று ஓர் இனிப்பு உண்டாலோ அதன் சுவை உடனே தெரியும். நெடுநாட்பயனுக்காக உடனடி இன்பத்தைத் துறத்தல் மனித மனத்திற்கு அரிது. ஆகவே, தொடங்குதலினும் தொடர்தலே பெரிய செயலாகிறது.

இவ்வருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வைகுண்ட ஏகாதசி நாளில் உண்ணாது நோன்பிருந்து, இரவு முழுதும் கண் விழித்தல் வேண்டும். நள்ளிரவு கடந்தபின் கண் இமை தானே மூடும். அப்பொழுது வீடுகளில் பரமபதப் படத்தை விரிப்பர். தாயம் உருட்டிக் காய் நகர்த்துவர். நற்குணம் ஏணியாய் மேலே ஏற்றும்; தீக்குணம் பாம்பாய்க் கீழே இறக்கும். ஏணி ஏறியவர் மகிழ்வர். பாம்பின் வாய்ப்பட்டவர் மீண்டும் முயல்வர். பொழுது புலர்வது தெரியாது. நோன்பும் குறைவின்றி நிறைவேறும். இங்கு விளையாட்டு நோன்புக்குத் துணையாயிற்று. நோன்பின் இடத்தை அது பற்றிக்கொள்ளவில்லை.

இக்காலத்தில் கைப்பேசி அத்துணையை ஆற்ற முன்வந்துள்ளது. முதலில் எளிய குறுஞ்செய்தி பயன்பட்டது. தென்னிந்தியாவில் இடைநிலையிலிருந்த 537 ஆடவரிடம் நடத்தி, 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியார்க்கு உணவும் நடையும் பற்றிய செய்திகள் கைப்பேசி வழியே தொடர்ந்து அனுப்பப்பட்டன. ஈராண்டு முடிவில் செய்தி பெறாதவருள் நூற்றுக்கு 27 பேரும், பெற்றவருள் நூற்றுக்கு 18 பேரும் நோயுற்றனர். இடைவிடாது நினைவூட்டும் ஒரு சிறு சொல்லுக்கும் இத்துணை ஆற்றல் உண்டு.

செய்தியினும் ஒருபடி மேலே சென்றது விளையாட்டு. அமெரிக்காவில் 94 குடும்பங்களைச் சேர்ந்த 200 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அனைவரும் தத்தம் நடையின் அடிகளை எண்ணி வந்தனர். குடும்பங்களுள் ஒரு பகுதிக்கு மட்டும் ஒரு விளையாட்டும் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் குடும்பத்திற்கு 70 புள்ளிகள் முன்னரே வழங்கப்பட்டன. நாள்தோறும் குடும்பத்தினருள் ஒருவர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டார். முந்திய நாள் அவர் தம் இலக்கை எட்டியிருந்தால் புள்ளிகள் நிலைத்தன. எட்டாவிடில் 10 புள்ளிகள் குறைந்தன. யார் பெயர் வரும் என்பதை எவரும் அறியார். ஆதலின் எல்லாரும் நடந்தனர். 12 வாரங்களில், விளையாடியோர் முன்னினும் நாளொன்றுக்குச் சராசரி 1,661 அடிகள் மிகுதியாக நடந்தனர். மற்றையோர் 636 அடிகளே மிகுதியாக நடந்தனர். தன்னால் தன் குடும்பம் தாழக் கூடாது என்னும் எண்ணம் காலை இயக்கியது.

ஆயினும் விளையாட்டின் குறையையும் அறிதல் வேண்டும். 2016ஆம் ஆண்டில் போக்கிமான் கோ என்னும் கைப்பேசி விளையாட்டு உலகெங்கும் பரவியது. அதில் கற்பனை விலங்குகளைப் பிடிக்கத் தெருத் தெருவாக நடக்க வேண்டும். அமெரிக்க இளைஞரிடம் செய்த ஆய்வில், முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 955 அடிகள் நடை மிகுந்தது. ஆனால் ஆறாம் வாரத்தில் நடை பழைய அளவிற்கே திரும்பிவிட்டது. புதுமை தீர்ந்தது, நடையும் தீர்ந்தது. மேலும், நீரிழிவு உடையோரிடம் ஓராண்டு நடந்து, 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், சில வகை விளையாட்டுகளால் நடை மிகுந்த போதிலும், எடையிலும் சர்க்கரையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நடையோடு உணவும் திருந்த வேண்டும். மருத்துவர் அறிவுரையும் வேண்டும். இவற்றிற்கு விளையாட்டு ஈடாகாது. இருந்த இடத்திலேயே நெடும்பொழுது ஆடும் கைப்பேசி ஆட்டமோ, நோய்க்கு வழி திறந்துவிடும்.

காஞ்சியில் ஒரு நெசவாளர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தைக்குச் சர்க்கரை இடைநிலையில் இருப்பதாக மருத்துவர் கூறியுள்ளார். மகள் பள்ளியில் பயில்கிறாள். கைப்பேசியில் அடிகளை எண்ணும் வகையை அவளே தந்தைக்குக் காட்டுகிறாள். மாலையில் தறியை நிறுத்தியபின் இருவரும் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளை வலம் வருகின்றனர். அன்றைய கணக்கைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் அவள் குறிக்கிறாள். இலக்கை எட்டிய நாள் ஏணி; தவறிய நாள் பாம்பு. ஒரு நாள் பாம்பு கடித்தால் ஆட்டத்தை விட்டு ஓடுவாரில்லை. மறுநாள் மீண்டும் காய் நகர்த்துகின்றனர். சில திங்களில் கைப்பேசி நினைவூட்டாவிடினும், மாலையானதும் தந்தையின் கால்கள் தாமே தெருவை நாடுகின்றன. அன்று விளையாட்டு தன் கடமையை முடித்துவிட்டது. பழக்கம் அதனிடமிருந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

பட்டுச் சேலை ஒரே நாளில் உருவாவதில்லை; இழைமேல் இழையாக, நாள்மேல் நாளாகவே அது வளர்கிறது. உடல் நலமும் அத்தகையதே. விளையாட்டு அதனைத் தொடங்கி வைக்கும்; குடும்பத்தின் அன்பும் விடாமுயற்சியுமே அதனை நெய்து முடிக்கும்.