அந்தமானில் ஏழு நாள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிசம்பர் மாதத்து மதியம். சென்னை விமானம் போர்ட் பிளேயரில் இறங்கியபோது மணி இரண்டு. பெட்டி வந்து, வண்டி பிடித்து, விடுதியில் முகம் கழுவி, அம்மாவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, “செல்லுலார் ஜெயிலுக்குக் கிளம்பலாமா?” என்று கேட்டபோது நாலேகால். ஓட்டுநர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். “அம்மாவக் கூட்டிட்டு இப்ப எங்கண்ணே போறீங்க? அஞ்சு மணிக்கு இருட்டிரும்” என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குச் சூரியன் மறைந்தே விட்டது. ஐந்தரைக்கு நல்ல இருட்டு.

கடிகாரம் இந்திய நேரத்தைத்தான் காட்டுகிறது. ஆனால் அந்தமான் சென்னைக்கு நேர் கிழக்கே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முன்னதாகவே அங்கே பொழுது விடிந்து, பொழுது சாய்கிறது. மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். இது தெரியாமல் போடுகிற எந்தத் திட்டமும் தினம் ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிடும். அன்று எங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த முகவரின் தாளில் “மாலை 5.30, கடற்கரை” என்று இருந்தது.

அந்தமான் போகிறோம் என்று சொல்லும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இப்போதெல்லாம் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே நம்பிக்கைகளோடுதான் வருகிறார்கள்.

“ஆறு ராத்திரி, ஏழு பகல். எல்லாத் தீவையும் பார்த்துடலாம்.”

இருப்பது 800க்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும். மனிதர்கள் குடியிருப்பது அவற்றில் முப்பது சொச்சத்தில்தான். சுற்றுலா என்று நாம் போவது பெரும்பாலும் போர்ட் பிளேயர், ஹேவ்லாக், நீல் என்ற மூன்று இடங்களுக்கு. அந்த மூன்றையும் ஏழு நாளில் பார்ப்பதென்றால் எத்தனை நாள் கையில் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் விமானத்துக்குப் போய்விடும். போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், திரும்பப் போர்ட் பிளேயர் என்று மூன்று படகுப் பயணம். தனியார் படகில் ஹேவ்லாக் போக ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். ஆனால் படகுத்துறைக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும். பெட்டியை ஸ்கேனரில் போட்டு எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இறங்கினால் அறை மதியத்துக்குப் பிறகுதான் கிடைக்கும். ஒரு படகு, அரை நாள். ஏழு நாளில் மிஞ்சுவது மூன்றரை நாள், அதுவும் மாலை ஐந்து மணிக்கு முடிந்துபோகிற நாட்கள்.

அதனால் எழுபது வயதுப் பெற்றோரையோ கைக்குழந்தையையோ அழைத்துப் போகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: ஹேவ்லாக், நீல் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். விட்டால் அரை நாளும் ஒரு படகுக் கட்டணமும் மிச்சம். அம்மாவுக்கு ஹேவ்லாக்கில் பிடித்தது ராதாநகர் கடற்கரையின் பின்னால் நிற்கும் உயரமான மரங்களின் நிழல். அங்கே மணலில் துண்டை விரித்துக் காலை நீட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையிலேயே நீல் படகு இருந்ததால் அந்த நிழலை இன்னொரு நாள் அவருக்குக் கொடுக்க முடியவில்லை. இன்றும் எனக்கு அது மனக்குறைதான்.

“நல்ல ரூமா எடுக்காம இருந்தா செலவு அடங்கிடும்.”

அடங்காது. ரூம் வாடகை அறைக்கு. படகுக் கட்டணம் தலைக்கு. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர். மூன்று படகுக்கு மட்டும் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. புதுமணத் தம்பதிக்கு அதில் பாதிதான். ஐந்து, ஆறு பேராகப் போகிற குடும்பத்துக்கு ஒரு தீவு கூடினால் இரண்டு மூன்று இரவு ரூம் வாடகை கூடிய மாதிரி. ஆகவே முதலில் விமானம், அடுத்தது படகு, அதற்குப் பிறகு மிச்சத்தில் ரூம் என்ற வரிசையில் பணத்தை ஒதுக்குங்கள்.

அரசுப் படகு மிக மலிவு. ஆனால் அது தீவில் வாழ்கிறவர்களின் டவுன் பஸ் மாதிரி. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். கிடைத்தால் ஏறுங்கள், கிடைத்தே தீரும் என்று அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

சாப்பாட்டுக்கும் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்குங்கள். காய்கறி, அரிசி, பருப்பு என்று எவ்வளவோ பொருள் கப்பலில்தான் வந்து சேருகிறது. நீல் தீவில் காய்கறி நன்றாக விளையும்; மற்ற தீவுகளுக்கும் அங்கிருந்து போகிறது. நீலில் சாப்பிட்ட கத்திரிக்காய்க் கறியைப் பற்றி அம்மா ஊருக்கு வந்தும் பேசிக்கொண்டிருந்தார்.

“கப்பல்ல போனா பாதிக் காசுதான்.”

சென்னையிலிருந்து கப்பல் இருப்பது உண்மை. கடல் நன்றாக இருந்தால் அறுபது மணி நேரத்துக்குக் குறையாது. போக மூன்று நாள், வர மூன்று நாள். ஒரு வார லீவில் போர்ட் பிளேயர் மண்ணை மிதித்துவிட்டுத் திரும்ப ஏற வேண்டியதுதான். அது போக, கப்பல் தினமும் கிடையாது. மாதத்துக்குச் சில தடவைதான், தேதியும் மாறும். இரண்டு, மூன்று வார அவகாசம் உள்ளவர்கள் ஒரு தடவை கட்டாயம் கப்பலில் போக வேண்டும் என்றே சொல்வேன். ஒரு வாரக்காரர்களுக்கு விமானம்தான். இரண்டே கால் மணி நேரம்.

“ஜூன், ஜூலை மழை. தீபாவளிக்கு மேல கவலை இல்லை.”

இந்த நம்பிக்கை நம் ஊர்க்காரர்களுக்கு வரக் கூடாது. நவம்பரில் வங்கக் கடல் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா? தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவதே அந்தமானைத்தான், மே மாதத்தின் பின்பாதியில். அது போனதும் நம்மைப் போலவே அவர்களுக்கும் வடகிழக்குப் பருவமழை உண்டு. நம் கரைக்கு வரும் பல புயல்கள் அந்தமானை ஒட்டிய கடலில்தான் உருவாகின்றன.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தாவை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே வர்தா நம்மிடம் வருவதற்கு முன், அந்த மாதத்தின் முதல் பாதியிலேயே அந்தமானைக் கலக்கிவிட்டுத்தான் வந்தது. படகெல்லாம் நின்று, ஹேவ்லாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்க வேண்டியிருந்தது.

புயல் வரை போக வேண்டாம். பலத்த காற்று அடித்தாலே படகை நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதுதான் சரி. படகு ரத்தானால் படகுக் காசு திரும்பி வரும். விட்டுப்போன விமானத்தின் காசு வராது. அதனால் கடைசி இரவு போர்ட் பிளேயரில்தான் என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முகவர் எங்களுக்குப் போட்டிருந்த திட்டத்தில் காலை நீலிலிருந்து படகு, அன்றே மதியம் சென்னைக்கு விமானம். விடுதி முதலாளி அதைப் பார்த்துவிட்டு, “முதல் நாளே கிளம்பிருங்க சார்” என்றார். அவர் பேச்சைக் கேட்டு, அங்கே கட்டியிருந்த ஓர் இரவு வாடகையை விட்டுவிட்டுக் கிளம்பினோம். நாங்கள் வர வேண்டிய படகு மறுநாள் மூன்று மணி நேரம் தாமதமாக வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். இவ்வளவுக்கும் அன்று மழையே இல்லை.

மழையும் காற்றும் அடங்கி, கடல் தெளிந்து கிடப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பள்ளிப் பரீட்சையெல்லாம் அப்போதுதான் வரும், என்ன செய்வது? பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் போகிறவர்கள் வெயிலுக்குத் தயாராகப் போங்கள்.

“நீச்சல் தெரியாதவங்க ஸ்கூபா பண்ண முடியாது.”

முடியும். முதல் தடவை இறங்குபவரைப் பயிற்சியாளர் ஒருவர் கையோடு பிடித்தபடியேதான் அழைத்துப் போவார். தடையாக இருப்பவை வேறு: ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம், அன்றைக்கு மூக்கடைத்துச் சளி. இவற்றில் எதையும் மறைக்காதீர்கள். சளியோடு இறங்கினால் காது தாங்காது. யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. அழுத்தத்தில் மூச்சுவிடும்போது உடம்பில் கரையும் நைட்ரஜன், மேலே வந்தபின் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறி உயரே போனால் குமிழியாகி ஆபத்தில் கொண்டுபோய் விடும். ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. ஸ்கூபாவை வாரத்தின் நடுவிலேயே முடித்துவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்குப் போர்ட் பிளேயர், ஹேவ்லாக், நீல் மூன்றுக்கும் அனுமதிச் சீட்டு தேவையில்லை. அடையாள அட்டை போதும். பெயரில் நிக்கோபார் சேர்ந்திருக்கிறதே தவிர, நிக்கோபாருக்குப் பொதுவாகச் சுற்றுலா கிடையாது. மொழிக்குப் பயமே வேண்டாம்: 2011 கணக்குப்படி அங்கே வாழ்பவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு இணையம் எவ்வளவோ தேறிவிட்டது; இருந்தாலும் ஹேவ்லாக்கில் அடிக்கடி சிக்னல் போகும், கையில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும் நீலுக்கு ஷஹீத் தீவு என்றும் 2018இல் பெயர் மாற்றினார்கள். 2024இல் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் வேறு ஊர் போட்டிருக்கிறதே என்று பதற வேண்டாம்.

கரையில் கிடக்கும் பவளத்தையும் சிப்பியையும் எடுத்துவராதீர்கள். சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கிறார்கள். என் மகள் ஒரு கைப்பிடி வெள்ளைப் பவளத் துண்டுகளைச் சேர்த்திருந்தாள். நீல் கரையில் அலை தொடும் இடத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துவிட்டு வந்தாள்.

“பாராடாங் போனா ஜாரவா ஆட்களைப் பார்க்கலாம்.”

இதைக் காதில் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. போர்ட் பிளேயரிலிருந்து பாராடாங் போகும் சாலை ஜாரவாப் பழங்குடி மக்களின் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. அவர்கள் மொத்தமே சில நூறு பேர். வெளியாரிடமிருந்து தொற்றிய அம்மை அவர்களைப் படுக்க வைத்திருக்கிறது. 2012இல் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடவைத்துப் படம்பிடித்த வீடியோ வெளியாகி உலகமே நம்மைப் பார்த்து முகம் சுளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையில் சுற்றுலாவைச் சில வாரம் நிறுத்தியும் வைத்தது. இன்றைக்கும் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும். நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. மீறினால் சிறை. சுண்ணாம்புக் குகையையும் அலையாத்திக் காட்டையும் பார்க்கவே போகிறோம் என்பார்கள். அதற்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கிளம்பி, நாள் முழுவதையும் கொடுக்க வேண்டும்.

நாங்கள் போகவில்லை. அலையாத்திக் காட்டை ஹேவ்லாக்கிலேயே துடுப்புப் படகில் போய்ப் பார்த்தோம். மிச்சமான அந்தப் பகலில் போர்ட் பிளேயரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிடியா டாப்புவுக்கு அம்மாவை அழைத்துப் போனோம். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க அங்கே நல்ல இடம் இருக்கிறது. டிசம்பரில் போகிறவர்கள் மூன்று மணிக்கே வண்டியில் ஏறிவிடுங்கள்.