ஆசியச் சந்தைகள் மீளும்போது எதைப் பார்த்து வாங்குவது?

ஹாங்காங், கொரியா, தைவான் குறியீடுகள் ஏறத் தொடங்கியதும் பலரும் கேட்பது இதுதான்: "ஆசியா எழுந்துவிட்டது, இப்போதே பணத்தைப் போடலாமா?" போடலாம். ஆனால் ஆசியா ஒரே சந்தை அல்ல. எந்த நாடு, என்ன விலை, எந்த நாணயம் என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

நாடு: 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் பாத் நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடம் விட்டது. அங்கே தொடங்கிய நெருக்கடி அந்த ஆண்டு முடிவதற்குள் கொரியாவையும் கவிழ்த்தது. ஆனால் இரண்டும் ஒன்றுபோல மீளவில்லை. 1998 ஜூனில் 280 புள்ளிகளுக்கு விழுந்த கொரியாவின் கோஸ்பி குறியீடு, அடுத்த ஆண்டு ஜூலையிலேயே 1,000-ஐத் தாண்டியது. தாய்லாந்துக் குறியீடோ 1994-இல் தொட்ட உச்சத்தைக் கடக்க 2018 வரை ஆனது. கொரிய அரசு வங்கிகளின் வாராக்கடனைத் தனி நிறுவனம் மூலம் வேகமாக வாங்கியது. கொரிய நாணயமான வொன் மலிந்ததால் ஏற்றுமதியும் சூடுபிடித்தது. எனவே வாராக்கடன் குறைகிறதா, நிறுவனங்களின் லாபம் கூடுகிறதா என்று முதலில் பாருங்கள். லாபம் கூடாமல் குறியீடு மட்டும் ஏறினால் பொறுத்திருங்கள்.

விலை: அதே கோஸ்பி 2000-ஆம் ஆண்டு முடிவில் 500 புள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஆயிரத்தில் மொத்தமாக வாங்கியவர்களின் பணம் பாதியானது. 2024 செப்டம்பர் இறுதியில் சீன அரசு ஊக்கத் திட்டங்களை அறிவித்ததும் அந்நாட்டுச் சந்தை பாய்ந்தது. விடுமுறை முடிந்து அக்டோபர் 8 காலையில் சிஎஸ்ஐ 300 குறியீடு 10 சதவீத ஏற்றத்துடன் திறந்தது. மறுநாள் ஒரே நாளில் 7 சதவீதம் விழுந்தது. செய்தி பரபரக்கும் நாளில் மொத்தமாக இறங்காதீர்கள். ஒதுக்கிய பணத்தைப் பன்னிரண்டு மாதத் தவணையாகப் பிரித்துப் போடுங்கள்.

நாணயம்: குறியீடு 20 சதவீதம் ஏறி, அந்நாட்டு நாணயம் ரூபாய்க்கு எதிராக 15 சதவீதம் சரிந்தால், உங்கள் கையில் நிற்பது 2 சதவீத லாபமே. அந்த நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பையும் வெளிநாட்டுக் கடனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறுகிய காலக் கடனைவிடக் கையிருப்பு குறைவாக இருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து முதலீடு செய்ய எளிய வழி, வெளிநாட்டுப் பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகளும், பங்குச்சந்தையில் வாங்கி விற்கப்படும் ஃபண்டுகளான இடிஎஃப்களும். ஃபண்டின் முதல் பத்துப் பங்குகளைப் படியுங்கள். 'ஆசியா' என்று பெயர் இருந்தாலும் டிஎஸ்எம்சி, சாம்சங், டென்சென்ட் போன்ற சிலவற்றிலேயே பெரும்பணம் குவிந்திருக்கலாம். இடிஎஃப் வாங்கும்போது சந்தை விலையை என்ஏவியுடன், அதாவது ஒரு யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்புடன், ஒப்பிடுங்கள். வெளிநாட்டு முதலீட்டுக்கான உச்சவரம்பால் புதிய யூனிட்கள் வெளிவராதபோது, விலை என்ஏவிக்கு மேல் வெகுவாக ஏறிவிடும். அந்தக் கூடுதல் விலை எந்த நாளும் கரைந்துவிடலாம்.

ஏழு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் இதில் போடுங்கள். மொத்த முதலீட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பாருங்கள். இந்த முதலீடு அந்த அளவை மீறி வளர்ந்திருந்தால் உபரியை விற்று லாபத்தை எடுத்துவிடுங்கள்.