நிற்காத வரிசை: ஒரு கணக்கு

வரிசையில் நிற்காமலே வரிசையில் நிற்க முடியுமா? "என்னப்பா, பரீட்சை பயத்துல கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கேட்காதீர்கள் நண்பர்களே! இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

போன வருஷம் எங்கள் வகுப்பு இண்டஸ்ட்ரியல் விசிட் போய்விட்டு, கடைசி நாள் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனது. (ஃபேக்டரியை விட்டுவிட்டு இதை எழுதுகிறானே என்று ஹெச்.ஓ.டி. சார் கோபிக்கக் கூடாது!) அங்கே பெரிய ராட்டினம் ஒன்று. அதில் ஏற எங்கள் முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். நானும் இன்னும் ஆறு பேரும் மட்டும் பிடிவாதமாக நின்றோம். ஐம்பத்தைந்து நிமிஷம் நின்று ஏறினால், இரண்டு நிமிஷத்தில் இறக்கி விட்டுவிட்டான்! பக்கத்தில் நின்ற நண்பன் சொன்னான்: "டேய், சபரிமலைக்கு போன்லயே புக் பண்றாங்கல்ல, அதே மாதிரி இதுக்கும் வெச்சா க்யூவே வேண்டாமேடா?"

நல்ல கேள்வி. சேலம், நாமக்கல் பக்கத்தில் கார்த்திகை மாதம் மாலை போடாத தெரு கிடையாது. அதனால் 'விர்ச்சுவல் க்யூ' என்ற வார்த்தை நம்ம ஊர் குருசாமிகளுக்கு மனப்பாடம். கேரளப் போலீஸ் 2011-ல் அதைத் தொடங்கியது. இன்ன நாள், இன்ன நேரம் என்று முன்பே பதிந்து சீட்டோடு போக வேண்டும். அந்த ஜனவரி 14-ஆம் தேதிதான் புல்மேட்டில் நெரிசலில் சிக்கி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2024 சீசனில் ஒரு நாளைக்கு 80,000 பேர், அதில் 70,000 பேர் ஆன்லைனில் என்று வரம்பு வைத்தார்கள். முதலில் எல்லோரும் ஆன்லைனில்தான் வரவேண்டும் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்த பிறகு நேரில் பதியவும் இடம் விட்டார்கள்.

சரி, ராட்டினத்துக்கு வருவோம். நிற்கிற நேரத்தில் சும்மா இருக்காமல் கையில் வாட்சை வைத்து எண்ணினேன். ஒரு தடவைக்கு 24 பேர். ஏற்றி, பெல்ட் மாட்டி, சுற்றி, இறக்க மொத்தம் 3 நிமிடம். ஆக மணிக்கு 20 சுற்று, 480 பேர். எங்களுக்கு முன்னால் சுமார் 440 பேர். 440-ஐ 480-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 55 நிமிடம். வாட்சும் அதையேதான் சொன்னது!

இதில் பெரிய சாஸ்திரமே இருக்கிறது. டென்மார்க்கில் எர்லாங் என்பவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்காக 1909-ல் இந்தக் காத்திருப்புக் கணக்கைத் தொடங்கி வைத்தார். 1961-ல் அமெரிக்காவின் ஜான் லிட்டில் ஒரு சின்ன விதியை நிரூபித்தார்: காத்திருப்போர் எண்ணிக்கை என்பது, ஒரு மணிக்கு வருவோர் எண்ணிக்கையை ஒருவர் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. அவ்வளவுதான். இந்த விதியில் கயிறு என்றோ போன் என்றோ ஒரு வார்த்தையும் இல்லை.

இங்கேதான் நண்பனுடைய யோசனை இடிக்கிறது. போனில் பதிந்தாலும் ராட்டினத்தில் 24 சீட்தான். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு பார்க்கில் இதே மாதிரி ஐந்து ராட்டினம். மணிக்கு 2,400 சீட். எட்டு மணி நேரத்துக்கு 19,200. உள்ளே வந்தவர்கள் 6,000 பேர் என்றால், தலைக்கு மூன்று தடவை, கொஞ்சம் மிச்சம். கயிறு கட்டினாலும் மூன்றுதான், கம்ப்யூட்டர் வைத்தாலும் மூன்றுதான்!

இன்னொரு சிக்கலும் உண்டு. நேரில் நிற்கும்போது ஒருவனால் ஒரு வரிசையில்தான் நிற்க முடியும், உடம்பு ஒன்றுதானே! போனில் ஒரு வரிசையில் இடம் போட்டுவிட்டு, காலால் இன்னொரு வரிசையில் போய் நிற்கலாம். எல்லோரும் அப்படிச் செய்தால்? எல்லா வரிசையும் நீளும். போன் இல்லாதவன் பாடு அதைவிட மோசம்.

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் டிஸ்னி பார்க்கில் 1999-ல் 'ஃபாஸ்ட்பாஸ்' என்று கொண்டு வந்தார்கள். மெஷினில் டிக்கெட்டைச் செருகினால் எத்தனை மணிக்கு வரலாம் என்று ஒரு சீட்டு வரும், காசு கிடையாது. 2021-ல் அதை எடுத்துவிட்டுக் காசு வாங்கும் முறையை வைத்தார்கள். காசுக்குத் தனி வரிசை என்றால் என்ன ஆகும்? நம் ராட்டினத்திலேயே பார்ப்போம். 24 சீட்டில் 6 சீட் அவர்களுக்குப் போனால் நமக்கு 18. மணிக்கு 360. அதே 440 பேருக்குப் பின்னால் நிற்பவனுக்கு 55 நிமிடம் 73 நிமிடமாகிவிடும். அவர்கள் மிச்சம் பிடிக்கிற நேரம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

முழுக்க முழுக்க நிற்காத வரிசையையும் ஒரு இடத்தில் சோதித்தார்கள். 2017 மே மாதம் ஆர்லாண்டோவில் 'வால்கனோ பே' என்ற வாட்டர் பார்க் திறந்தது. கையில் பட்டை மாதிரி ஒன்று கட்டி விடுவார்கள். சறுக்குக்கு முன்னால் தட்டினால் வரிசையில் பெயர் சேரும், முறை வந்ததும் பட்டை சொல்லும். (ஈரத்தில் போனை எங்கே வைப்பது என்ற நம் கேள்விக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில்!) ஆரம்ப நாட்களில் பட்டை காட்டிய நேரமே மணிக்கணக்கில் இருந்தது, வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வரிசையில் நிற்காத கூட்டம் ஆவியாகிவிடாதே! குளத்திலும் சாப்பாட்டுக் கடையிலும்தான் நிற்கும்.

அப்படியானால் நிற்காத வரிசையே வீணா? நானும் அப்படித்தான் எழுதி முடித்திருப்பேன். எங்கள் அப்பா கரும்பு வெட்டுகிறவர். அவரிடம் இதையெல்லாம் சொன்னபோது சிரித்துவிட்டு, "இது என்னடா அதிசயம், கட்டிங் ஆர்டர் தானே?" என்றார்.

மோகனூர்ப் பக்கம் கரும்பு போட்டவர்களுக்கு இது புரியும். ஆலை ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அரைக்க முடியும். எல்லோரும் ஒரே நாளில் வெட்டிக்கொண்டு போனால் ஆலை வாசலில் வண்டி வண்டியாக நிற்கும். வெட்டின கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைப்பது நல்லது. தாமதமானால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். அதனால் எந்தத் தோட்டத்தை எந்தத் தேதியில் வெட்டுவது என்று ஆலையே வெட்டு உத்தரவு கொடுக்கிறது. "நிக்கற கரும்பு நிக்கட்டும்டா, வெட்டின கரும்புதான் நிக்கக் கூடாது" என்றார் அப்பா. எட்டாவதோடு நின்றவர்! காத்திருப்பைக் குறைக்க முடியாது, ஆனால் சேதம் குறைவான இடத்துக்கு அதை மாற்றலாம் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு பக்கம் ஆனது.

மாற்றுகிற இடம் தப்பாகப் போனால் என்ன நடக்கும்? இதை எழுதவே கை நடுங்குகிறது. திருப்பதியில் 2025 ஜனவரி 10, 11, 12 தேதிகளில் வைகுண்ட வாசல் தரிசனத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் இலவச டோக்கன் கொடுப்பதாக அறிவித்தார்கள். டோக்கன் எதற்கு? மலை மேல் கூட்டம் கட்டி நிற்கக் கூடாது என்பதற்கு. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த டோக்கனை 9-ஆம் தேதி விடியற்காலை முதல் கவுண்டரில் முந்தி வருகிறவருக்குக் கொடுப்பதாக இருந்தது. 8-ஆம் தேதியே ஜனங்கள் வந்து குவிந்தார்கள். அன்று இரவு, டோக்கன் வாங்கக் காத்திருந்த ஒரு இடத்தில் கதவு திறந்ததும் எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். நெரிசலில் 6 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் நம் சேலம் மாவட்டத்துப் பெண். சாமி சன்னதியில் இல்லை, மலையில் கூட இல்லை. வரிசையை ஒழிக்க வந்த டோக்கனுக்காக நின்ற வரிசையில்!

அடுத்த தடவை, 2025 டிசம்பர் 30 முதல் மூன்று நாட்களுக்கு, ஆன்லைனில் பெயர் பதிய வைத்துக் குலுக்கல் முறையில் டோக்கன் கொடுத்தார்கள். குலுக்கலில் முந்திப் பதிந்தாலும் பிந்திப் பதிந்தாலும் ஒன்றுதான். அதனால் யாருக்கும் ஓட வேண்டிய அவசியமில்லை. கணக்குப்படி இது சரி. ஆனால் எங்கள் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு யார் பதிந்து கொடுப்பது?

அதற்கும் நம்மிடமே ஒரு பதில் இருக்கிறது, ரேஷன் கடையில்! 2023 பொங்கலுக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, சர்க்கரை, முழுக் கரும்பும் கொடுத்தபோது, கடைக்காரர்களே வீடு வீடாக வந்து தேதியும் நேரமும் போட்ட டோக்கனைத் தந்துவிட்டுப் போனார்கள். போனும் இல்லை, குலுக்கலும் இல்லை. எல்லா அரிசி அட்டைக்கும் உண்டு என்பதால் முந்துவதில் லாபமும் இல்லை. அம்மா சொன்ன நேரத்துக்குப் போய் வாங்கி வந்தார். டிஸ்னிக்காரன் இதைப் பார்த்திருந்தால் நோட்டில் குறித்துக்கொண்டு போயிருப்பான்!

இப்போது பார்க்குக்குத் திரும்புவோம். 2025 டிசம்பரில் சென்னை திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லாவும் திறந்தாகிவிட்டது, நம் ஜூனியர்கள் டூருக்கு அங்கேயும் அடி போடுவார்கள். எனக்குத் தோன்றும் முறை இது. வாசலில் கொடுக்கும் டிக்கெட்டிலேயே பெரிய ராட்டினங்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு நேரம் அச்சடித்துத் தரலாம், எல்லோருக்கும் ஒரே மாதிரி. சீட் எவ்வளவோ அவ்வளவு டிக்கெட்தான் அன்றைக்கு. ரேஷன் டோக்கன் அங்கே வருகிறது. மற்ற சின்ன ராட்டினங்களுக்குக் கயிறே போதும், மேலே ஒரு கூரையும் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் சரி.

ஆனால் 24 சீட்டையும் நேரம் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. மோட்டார் அரை மணி நேரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? கயிற்று வரிசையில் எல்லோருக்கும் அரை மணி தள்ளிப்போகும், முறை மாறாது. நேரச் சீட்டில் இரண்டு நேரத்துக் கூட்டம் ஒன்றாக வந்து நின்று சண்டை போடும். அதனால் 16 சீட் நேரச் சீட்டுக்கு, 8 சீட் கயிற்றுக்கு. அரை மணியில் தேங்குகிற சீட்டுக்காரர்கள் 160 பேர். அந்த 8 சீட்டையும் அவர்களுக்குக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 20 சுற்றில் 160 பேரும் ஏறிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் கயிற்றில் நிற்பவர்கள் திண்டாட வேண்டியதுதான். அவர்களுக்கு ஆளுக்கொரு ஐஸ்க்ரீமாவது கொடுக்கலாம்.

சீட்டு வாங்கிவிட்டு வராமல் போகிறவர்களின் கணக்கை நான் போடவில்லை. நூற்றுக்கு எத்தனை பேர் வராமல் இருப்பார்கள் என்று தெரிந்தால்தான் 16-ஆ 18-ஆ என்று சொல்ல முடியும். அடுத்த வருஷம் டூர் போகும் தம்பி தங்கைகள் வாட்சும் ஒரு பேனாவும் எடுத்துப் போங்கள். ஒரு சுற்றில் எத்தனை சீட் காலியாகப் போகிறது என்று எண்ணி வந்து சொன்னால், மீதிக் கணக்கை ஹாஸ்டலில் உட்கார்ந்து போடலாம்.