ஏ.எம். டிரான்ஸ்மிட்டர்: வால்வா, மாஸ்ஃபெட்டா?

அமெரிக்க ஹாம்களில் ஒரு கூட்டம் இன்றும் ஏ.எம்.-ஐ விடவில்லை. இரவில் 75 மீட்டர் பேண்டில் 3885 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ரிசீவரைத் திருப்பினால் அந்த நிறைந்த குரல்கள் கேட்கும். அங்கே சேர விரும்புகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டிய எண் 375. சட்டம் அனுமதிக்கும் உச்ச சக்தி 1500 வாட். முழு மாடுலேஷனில் உச்சம் கேரியரைப் போல் நான்கு மடங்காகும். ஆகவே கேரியர் 375 வாட்டுக்கு மேல் போகக் கூடாது.

பழைய வழி பிளேட் மாடுலேஷன். 2000 வோல்ட், கால் ஆம்பியரில் ஓடும் இறுதி வால்வுகளுக்கு 500 வாட் போகிறது. அதில் 375 வாட் அலையாக வெளியேறும். அந்த 500-இல் பாதி, அதாவது 250 வாட் ஆடியோவை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அதே பிளேட் மின்சாரத்தின் மேல் ஏற்ற வேண்டும். உச்சத்தில் பிளேட்டில் 4000 வோல்ட் நிற்கும். பேசும்போது அந்த டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதிர்ந்து, உங்கள் சொற்களையே மெல்லிய குரலில் திருப்பிச் சொல்லும். எனக்குப் பிடித்த சத்தம் அது.

ஆனால் இந்தப் பழைய வழியை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவே அந்த டிரான்ஸ்ஃபார்மரில்தான் இருக்கிறது. வால்வு போனால் வேறு வாங்கலாம். மாடுலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் அதே அளவில் இன்னொன்று கிடைப்பது அரிது. வாங்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள். கறுப்புத் தார் உருகி வழிந்திருந்தால் அது சூடாகிச் சீரழிந்தது என்று பொருள். இரண்டு சுற்றுகளுக்கிடையிலும், சுற்றுக்கும் இரும்புக்குமிடையிலும் மெகர் வைத்து இன்சுலேஷனை அளக்க வேண்டும். அளக்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். ஒலிபரப்பு நிலையங்கள் கழித்த கேட்ஸ் பிசி-1டி போன்றவை கிடைத்தால் இன்னொரு கவனம்: நான்கு 833ஏ வால்வுகளோடு அது 1 கிலோவாட் கேரியர் தரும் பெட்டி. சக்தியைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

புதிய வழியில் அந்த இரும்பே இல்லை. சோகல் என்ற பெயருடைய இருவர் 1975-இல் விவரித்த கிளாஸ் ஈ முறையில், மாஸ்ஃபெட்டின் மேல் மின்னழுத்தம் சுழிக்கு இறங்கிய கணத்தில் அது திறந்து மின்சாரத்தை விடுகிறது. அதனால் வெப்பம் மிகக் குறைவு, திறன் 90 சதவீதத்தைத் தொடும். 45 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் போதும். ஆடியோவைத் துடிப்பின் அகலமாக மாற்றி, அந்த 45 வோல்ட்டையே ஒரு ஸ்விட்சிங் மாடுலேட்டர் ஏற்றி இறக்கும். பழைய முறையில் நான்கு 813 வால்வுகளின் ஃபிலமென்ட்டுக்கே 200 வாட் போய்விடும். இதில் அந்தச் செலவு கிடையாது. குரலின் மேல்பக்க உச்சம் 100 சதவீதத்தைத் தாண்டினாலும், சப்ளையில் இடமிருந்தால் சிதையாது.

பலவீனமும் அங்கேதான். உச்சத்தில் சப்ளை 90 வோல்ட். கிளாஸ் ஈ-யில் டிரெய்னில் அதைப் போல் 3.56 மடங்கு, அதாவது 320 வோல்ட் எழும். ஆண்டெனா சுமை மாறினால் இன்னும் கூடும். வால்வு பிளேட் சிவந்து சில நொடி தாங்கி எச்சரிக்கும். மாஸ்ஃபெட் கண்ணிமைக்கும் முன் போய்விடும். 500 வோல்ட்டுக்குக் குறைந்த மாஸ்ஃபெட்டைத் தொடவே வேண்டாம். சுமை மாறினால் உடனே டிரைவை வெட்டும் பாதுகாப்புச் சுற்றைக் கட்டாயம் வையுங்கள்.

எஸ்.எஸ்.பி. செட்டோடு லினியர் ஆம்பிளிஃபையர் சேர்ப்பது மூன்றாவது வழி. 375 வாட் கேரியருக்கு 1000 வாட்டுக்கு மேல் இழுத்து மீதியை வெப்பமாக்கும். ஏற்கெனவே ஆம்பிளிஃபையர் வைத்திருப்பவருக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

தினமும் மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு என் பரிந்துரை கிளாஸ் ஈ. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் கையில் இருந்தாலோ, பேண்ட் மாற்றி மாற்றிப் பேசும் பழக்கம் இருந்தாலோ பிளேட் மாடுலேஷன். கிளாஸ் ஈ ஒரு பேண்டுக்கென்றே சுருதி சேர்க்கப்படுவது. காயில் மாற்றி 160 மீட்டரிலிருந்து 29 மெகாஹெர்ட்ஸ் ஏ.எம். பகுதி வரை போக வால்வே வசதி. அப்படிப் போகிறவர் பெட்டியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, கெப்பாசிட்டர்களை ஷார்ட்டிங் ஸ்டிக்கால் தரையோடு இணைத்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.