பிக்கப் வண்டிக்கு ஏர் இன்டேக் கிட் தேவையா?

பொலேரோ, தோஸ்த் போன்ற டீசல் பிக்கப்புக்கு வெளியில் விற்கும் ஏர் இன்டேக் கிட் மாட்டினால் இழுவை கூடும் என்பார்கள். நம்பிப் பணத்தைப் போடாதீர்கள். டர்போ அழுத்தத்தையும் டீசல் அளவையும் இன்ஜின் கணினியான இசியூதான் தீர்மானிக்கிறது. காற்று வழியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும் (பந்தாவுக்கு அது போதும் என்பவர்கள் தாராளமாக மாட்டலாம்). பானெட்டுக்குள் மூடியில்லாமல் நிற்கும் கூம்பு ஃபில்டரோ இன்ஜின் சூட்டையே உறிஞ்சும். எண்ணெய் பூசிய துணி ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் காற்றளவு சென்சாரில் படிந்து கோளாறு தரும். வாரன்டி சிக்கலும் வரலாம்.

இழுவை குறைந்தால் முதலில் வண்டியோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறவுங்கள். ஃபில்டரைக் கழற்றி, இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால், ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. அல்லது ரப்பர் ஹோஸில் வெடிப்பு, கிளாம்பில் தளர்ச்சி. அந்தத் தூசி டர்போ இறக்கையையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது. கல்குவாரி, செங்கல் சூளைக்கு ஓடும் வண்டி என்றால், சர்வீஸ் புத்தகம் சொல்லும் கெடுவுக்கு முன்பே புது ஒரிஜினல் ஃபில்டர் போடுங்கள். ஒரு கிட் விலையில் அப்படிப் பல ஃபில்டர் வாங்கலாம்.